கிரவல் ரோட்டில் பிள்ளையோடு ஓட எந்த ஸ்ட்ரோலர்?

கிளிநொச்சிப் பக்கம் பிள்ளையை வைத்துத் தள்ளிக்கொண்டு ஓட ஸ்ட்ரோலர் தேடுகிறவர்கள் முதலில் சில்லைப் பாருங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். டவுன் கடைகளில் இருக்கிற சின்னப் பிளாஸ்ரிக் சில்லு வண்டில்கள் கிளினிக்குக்குக் கொண்டுபோகப் போதும், ஆனால் அவற்றை வைத்து ஓடவே கூடாது. ஓடுகிற வேகத்தில் முன்சில்லு ஒரு கல்லில் தடுக்கினால் வண்டில் கவிழ்ந்துவிடும்.

நான் பாவிப்பது தூலே அர்பன் கிளைட் 2 என்கிற, ஓடுவதற்கென்றே செய்த மூன்று சில்லு ஸ்ட்ரோலர். கனடாவில் இருக்கிற அக்கா, தன் பிள்ளைகள் வளர்ந்த பிறகு கப்பல் பெட்டியில் போட்டு அனுப்பினா. பின்சில்லு 16 அங்குலம், முன்சில்லு 12, மூன்றும் காற்றடிக்கிற ரயர், பின்னுக்கு சஸ்பென்ஷனும் இருக்கிறது. இரணைமடு வாய்க்கால் கரையில் ஓடும்போது பள்ளங்களை அது வாங்கிக்கொள்வதால் மகள் பெரும்பாலும் நித்திரையாகிவிடுவாள். ஏ9 ஓரத்தில் பஸ்சும் லொறியும் போகிற வேகத்துக்கு நான் பிள்ளையோடு அந்தப் பக்கம் ஓடமாட்டேன், எவ்வளவு நல்ல வண்டிலாக இருந்தாலும்.

நடக்கும்போது முன்சில்லு சுழலலாம், ஓடும்போது கட்டாயம் நேராகப் பூட்ட வேண்டும். பூட்டு இல்லாத வண்டில் ஓட்டத்துக்கானது இல்லை. பிள்ளைக்கு ஐந்து இடத்தில் பிடிக்கிற பெல்ட், உங்கள் மணிக்கட்டுக்கு ஒரு பட்டி, இரண்டையும் மாட்டாமல் வெளிக்கிடாதீர்கள். கைப்பிறேக் மலைநாட்டில் அவசியம், வன்னித் தரைக்குக் குளக்கட்டு இறக்கத்தில்தான் தேவைப்படும்.

இங்கே பெரிய தலையிடி நெருஞ்சி முள். அதனால்தான் 16 அங்குலச் சில்லு நல்லது என்கிறேன், சின்னப் பிள்ளைகளின் சைக்கிளுக்கும் அதே அளவில் ரியூப் வருகிறது, ரயரில் இருக்கிற இலக்கத்தைக் காட்டிக் கேட்டால் சைக்கிள் கடையிலேயே எடுக்கலாம், ஒட்டும் போடுவார்கள். ஆனால் வால்வு மோட்டார் சைக்கிள் வால்வு மாதிரி, நம்முடைய பழைய சைக்கிள் பம்ப் அதற்குப் பொருந்தாது. மோட்டார் சைக்கிள் பஞ்சர் கடையில் அடியுங்கள், அதுவும் பக்கத்தில் நின்று பார்த்து, ஏனென்றால் கம்பிரசரில் சின்ன ரியூப் சட்டென்று நிறைந்துவிடும், ரயரில் எழுதியிருக்கிற அளவைத் தாண்ட விடக்கூடாது.

பழைய வண்டில் எடுப்பதென்றால் முன்சில்லு பூட்டுகிற கொளுவியை நன்றாகப் பாருங்கள். 2018இல் அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு பொப் என்கிற பிராண்ட் ஸ்ட்ரோலர்களின் முன்சில்லு கழன்று விழுவதாகச் சொல்லி அதைத் தயாரிக்கிற பிரிட்டாக்ஸ் மீது வழக்குத் தொடுத்தது. எந்தப் பிராண்டாக இருந்தாலும் ஓடுவதற்கு முன் சில்லை ஒருதடவை இழுத்துப் பார்ப்பது நல்லது.

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி, "பிள்ளைக்குக் குடல் குலுங்காதோ பிள்ளை?" என்று கேட்டா. அவ பயந்ததில் நியாயம் இருக்கிறது, குடலை விடக் கழுத்துதான் முக்கியம். தலை நன்றாக நின்று, பிள்ளை தானாக நிமிர்ந்து இருக்கத் தொடங்கும் வரை ஓடக்கூடாது. பல கம்பனிகள் 6 மாதம் என்கின்றன, 8 மாதம் வரை பொறுக்கச் சொல்கிற டொக்டர்களும் இருக்கிறார்கள். நான் பொறுத்தேன், அதுவரை நடந்தேன், அதுவும் நல்ல பயிற்சிதான். பிள்ளை பெற்ற உங்கள் உடம்பு ஓடத் தயாரா என்பதையும் கிளினிக்கில் கேளுங்கள்.

கச்சான் காற்றுக் காலத்தில் புழுதி பிள்ளையின் கண்ணுக்குப் போகும், விடியவே ஓடி முடியுங்கள். வெயிலுக்கென்று துணியால் மூடிவிடாதீர்கள், காற்றோட்டம் இல்லாமல் உள்ளே சூடு ஏறும், கூரையை இழுத்துவிட்டாலே போதும்.

வெளிநாட்டில் இருந்து யாராவது அனுப்புவதென்றால் சில்லுகளைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள், பெட்டியில் இடம் மிஞ்சும். அந்த இடத்தில் முன்சில்லுக்கு 12 அங்குல ரியூப் இரண்டு போடச் சொல்லுங்கள்.