ஓஷன் குரோவா, ஓக் பிளஃப்ஸா?

அமெரிக்காவில் மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள் கோடையில் கூடி வழிபடும் கடலோர முகாம் ஒன்றைத்தான் பார்க்க முடியும், எதற்குப் போகலாம் என்று குழம்புகிறவர்களுக்கு.

வயது: மாசசூசெட்ஸ் மாநிலத் தீவு ஒன்றிலுள்ள ஓக் பிளஃப்ஸில் 1835-லேயே ஓக் மரத்தடியில் கூட்டம் தொடங்கிவிட்டது. நியூ ஜெர்சியின் ஓஷன் குரோவ் 1869-இல் வந்தது.

தங்குமிடம்: ஓக் பிளஃப்ஸில் கூடாரங்கள் போய், சரிகை போன்ற மரவேலைப்பாடு வைத்த 300-க்கும் மேற்பட்ட குட்டி வீடுகள் வந்துவிட்டன. ஓஷன் குரோவில் இன்றும் 114 கூடாரங்கள். முன்பக்கம் கித்தான், பின்பக்கம் சமையலும் குளியலறையும் உள்ள மரக்கொட்டகை. குளிர்காலத்தில் கித்தானைக் கழற்றி அந்தக் கொட்டகைக்குள்ளேயே போட்டுப் பூட்டுகிறார்கள்.

மண்டபம்: ஓக் பிளஃப்ஸில் 1879-இன் இரும்புக் கூரை, ஓஷன் குரோவில் 1894-இன் பிரம்மாண்ட மரக்கூடம்.

கெடுபிடி: ஓஷன் குரோவில் ஞாயிறன்று தெருவில் கார் ஓடக்கூடாது என்ற விதி 1970-கள் வரை இருந்தது. நம்ப முடிகிறதா?

போக்குவரத்து: ஓஷன் குரோவுக்கு, நியூயார்க்கிலிருந்து பக்கத்து ஊரான ஆஸ்பரி பார்க் வரை ரயில், அப்புறம் நடை. ஓக் பிளஃப்ஸ் தீவில் இருப்பதால் படகு பிடிக்க வேண்டும்.

பழைய முகாம் வாழ்க்கையைப் பார்க்க ஓஷன் குரோவ். படம் எடுக்கவும், ஆகஸ்டில் காகித விளக்கு ஏற்றும் இரவுக்கும் ஓக் பிளஃப்ஸ். நானாக இருந்தால் கூடாரம்தான்.