நாடா மாற்றிய பின் மீண்டும் முரண்டு பிடிக்கும் பேஸ்பால் கையுறை

டாலஸில் வசிக்கும் நண்பர் ஒருவரின் பன்னிரண்டு வயது மகன் இந்த ஆண்டு பேஸ்பால் அணி ஒன்றில் சேர்ந்திருக்கிறான். நான் வைத்திருப்பதைப் போன்ற எருதுத் தோல் கையுறையையே அவனுக்கும் வாங்கித் தரலாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். சில வாரங்களுக்கு முன்பு கேட்டிருந்தால் தயங்காமல் வாங்குங்கள் என்று சொல்லியிருப்பேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள வலைப்பகுதியின் தோல் நாடா அறுந்து, கையுறை பழுதுபார்க்கப்பட்டுத் திரும்பி வந்த பிறகு, அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என்னுடையது உள்களத்தில், அதாவது பந்தடிப்பவருக்கு அருகே, நிற்பவர்களுக்கான 11.75 அங்குலக் கையுறை. புதிதில் அதற்குள் கையை நுழைத்து மூட முயன்றால் விரல்கள்தாம் வலிக்கும், தோல் அசையாது. நல்ல கையுறை இரண்டு இடங்களில் மடங்க வேண்டும்: கட்டைவிரலின் அடியில் ஒன்று, சுண்டுவிரலின் அடியில் ஒன்று. அவசரத்தில் அதை நடு உள்ளங்கையில் மடித்துப் பழக்கிவிட்டால், பந்து வந்து விழும் குழி அகலமாக அமையாது. வேகமாக வரும் பந்து உள்ளங்கை எலும்பில் மோதித் தெறித்துவிடும். சுண்டுவிரல் பக்கத்து மடிப்புதான் கடைசிவரை பிடிவாதம் பிடித்தது. மோதிர விரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து ஒரே உறைக்குள் நுழைத்து மூடத் தொடங்கிய பிறகே அது கொஞ்சம் கொஞ்சமாக இணங்கியது.

கையுறையைப் பழக்குவதற்கு ஆளுக்கொரு வழி சொல்வார்கள். வில்சன் நிறுவனத்தின் கையுறைக் கலைஞர் ஷிகேயாகி அசோ பரவலாக்கிய முறை, மடிப்புகளின் மேலும் குழியின் மேலும் வெந்நீர் ஊற்றி, ஈரம் காய்வதற்குள் மரச் சுத்தியலால் தட்டிப் பிசைந்து, உடனே பந்து பிடித்துப் பழகுவது. நான் பின்பற்றியதும் அதையே. தோலை அது இளக்குகிறது என்பது உண்மை. ஆனால் குழி உருவாவது எதிரே நின்று ஒருவர் எறியும் பந்தால் மட்டுமே. எண்ணெயில் ஊறப்போட்டால் கையுறை கனத்து, உறுதி இழந்து, துவண்டுவிடும். அடுப்பில் சூடாக்குவோரும் உண்டு. அப்படிச் செய்தால் தோலில் உள்ள கொழுப்பு வற்றி, நாடாக்கள் வறண்டுவிடும். டெக்சாஸ் கோடையில் காரின் பின்பெட்டியில் விட்டுவைத்தாலும் ஏறக்குறைய அதே கதிதான்.

இரண்டாம் கோடையில் அந்தக் கையுறை கொடுத்த மகிழ்ச்சியை நான் மறைக்க மாட்டேன். குழியில் பந்தின் அளவுக்கே ஒரு கருமை படிந்து, அதற்குள் பந்தின் தையல் பதிந்த மெல்லிய தடங்களும் தெரிந்தன. பந்து வந்து விழும்போது 'பட்'டென்று ஒரே ஓசை எழும், உள்ளங்கையில் எதுவும் உறைக்காது. நான் மூட நினைப்பதற்குள் அது தானாக மூடிக்கொள்ளும்.

அந்தச் சுகத்தை எல்லாம் தாங்கி நிற்பது நாடாதான். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பந்து எறிபவரான பில் டோக், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவால் வலை பின்னச் சொன்னார். ராலிங்ஸ் நிறுவனம் 1920-இல் அப்படி ஒரு கையுறையைக் கொண்டுவந்தது. அதுவரை அடிபடாமல் கையைக் காத்துவந்த கையுறை, அதன் பிறகு பந்தைப் பிடித்து நிறுத்தும் கருவியானது. பந்தின் விசை அன்றுமுதல் அந்த நாடாவின் மேல்தான் விழுகிறது. ஆகவே நாடா அறுந்ததை நான் குறையாகச் சொல்லவில்லை.

என் மனத்தாங்கல் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது. வலையில் ஒரே ஒரு நாடா அறுந்ததற்காகக் கொடுத்த கையுறையில், பழுதுபார்த்தவர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல், விரல் நுனிகளிலிருந்து மணிக்கட்டு வரை எல்லா நாடாக்களையும் உருவிவிட்டுப் புதியன கோத்து, இறுக்கி இழுத்துக் கட்டி அனுப்பியிருக்கிறார். கூலியும் முழுக் கையுறைக்கு உரியது. வேலை சுத்தமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு முடிச்சுகூடக் கோணலாக இல்லை. புது நாடா நாளடைவில் நீளும் என்பதால் முதலில் இறுக்கிக் கட்டுவதுதான் முறை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த இறுக்கத்தில் குழி மேலெழும்பி ஆழம் குறைந்துவிட்டது, சுண்டுவிரல் மடிப்பு விறைத்து நிற்கிறது, பிடித்துவிட்டேன் என்று எண்ணிய பந்து விளிம்பில் பட்டு வெளியே துள்ளுகிறது. நல்ல நிலையில் இருந்த நாடாக்களை அறுத்தெறிவதற்கு முன் உரியவரிடம் கேட்டிருக்க வேண்டாமா?

இத்தனை புகழ்ந்த பிறகும், நண்பருக்கு என் பதில் வேண்டாம் என்பதே. இந்தத் தோலை மடக்கும் வலு பன்னிரண்டு வயதுக் கையில் இருக்காது. கையுறை இணங்கி வருவதற்குள் ஆட்டப் பருவமும் முடிந்துவிடும், பையனின் கையும் வளர்ந்துவிடும். யாராவது ஓரிரு ஆண்டுகள் ஆடிப் பழக்கிய, 11.5 அங்குலத்துக்கு மேற்படாத கையுறை கிடைத்தால் அதை வாங்கித் தரலாம். வாங்குவதற்கு முன் வலைப்பகுதி நாடாவையும் மணிக்கட்டுப் பக்கத்து நாடாவையும் நகத்தால் மடக்கிப் பார்க்க வேண்டும். வெடிப்பு தெரிந்தால் விட்டுவிடலாம். பின்னால் பழுதுபார்க்கக் கொடுக்க நேர்ந்தால், அறுந்த நாடாவை மட்டும் மாற்ற வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.