"தட்டு பழசு" என்று சமாளிப்பார்கள்: யூஎஸ்பி ரெக்கார்டு பிளேயர் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டிலிருக்கும் எல்பி தட்டுகளைக் கணினியில் ஏற்றிவைக்க முதன்முறையாக இறங்குபவர்களைக் குறிவைத்து விற்கப்பட்ட ஒரு தொகுப்பைப் பற்றியது இந்தப் பதிவு. சூட்கேஸ் வடிவ ரெக்கார்டு பிளேயர், யூஎஸ்பி கேபிள், மாற்று முள் ஒன்று, கூடவே ஒரு மென்பொருள். வைர முள், 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் பதிவு, நிமிடத்துக்கு 33⅓, 45, 78 சுற்று என்ற மூன்று வேகத் தட்டுகளும் ஓடும், தட்டுக்குச் சேதமே வராது என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார்கள். வாங்கியவருக்குக் கிடைத்ததோ கரகரப்பும், சுருதி ஏறிப்போன பாட்டும், இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலியும். புகார் செய்தபோதெல்லாம் ஒரே பதில்தான் வந்தது: "தட்டு பழசு, அதான் அப்படிக் கேட்குது."

இந்தப் பதிலை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய தட்டில் இரைச்சல் இருப்பது இயல்பு என்பதால் புதியவருக்கு மறுத்துப் பேசத் தெரிவதில்லை. அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிடுகிறது. ஆனால் குறை தட்டில் இருக்கிறதா, கருவியில் இருக்கிறதா என்பதை வீட்டிலேயே பிரித்துப் பார்த்துவிடலாம்.

வேகத்தில் தொடங்குங்கள். இதற்கு ஒரு செலவும் கிடையாது. 33⅓ வேகத்தில் 100 சுற்று ஓட மிகச் சரியாக 180 வினாடி ஆகும். லேபிள் மீது சிறிய காகிதத் துண்டு ஒன்றை அடையாளமாக வைத்து, கைபேசியின் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு எண்ணுங்கள். முள் தட்டின் மேல் இருக்கும்போதே எண்ண வேண்டும். முள்ளின் இழுவையும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். மேலே சொன்ன பிளேயர் 175 வினாடியிலேயே 100 சுற்றை முடித்தது. அதாவது 2.9 சதவீதம் அதிக வேகம். ஓர் அரைச்சுரம், அதாவது ஹார்மோனியத்தில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான தூரம், ஏறத்தாழ 6 சதவீதம் என்பதால், எல்லாப் பாட்டும் அரைச்சுரத்தில் பாதி ஏறி ஒலித்தது. தட்டு எவ்வளவு பழசானாலும் சுருதி ஏறாது.

சுருதி ஏறாமல் ஊசலாடினால் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். ஊசலாட்டம் 1.8 வினாடிக்கு ஒருமுறை, அதாவது சுற்றுக்கு ஒருமுறை வருகிறது, வேறொரு தட்டைப் போட்டால் மறைகிறது என்றால், முதல் தட்டின் துளை மையத்திலிருந்து விலகியிருக்கிறது, அல்லது தட்டு வளைந்திருக்கிறது. அங்கே விற்றவர் மேல் பழியில்லை. எந்தத் தட்டைப் போட்டாலும் ஊசலாட்டம் நிற்கவில்லை என்றால் மோட்டார், பெல்ட், ரெக்கார்டைத் தாங்கிச் சுற்றும் சுழல் தட்டு இவற்றில் ஏதோ ஒன்று கோளாறு. ஒரே சீராக வேகம் தவறியிருந்தால் பிறகு மென்பொருளில் சரிசெய்துவிடலாம். ஊசலாட்டத்தை அப்படி எளிதாகச் சரிசெய்ய முடியாது.

இந்த 1.8 வினாடிக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீறலுக்கும் இதுவேதான். தட்டின் குறுக்கே ஒரு கீறல் கண்ணுக்குத் தெரிந்தால், "டிக்" சத்தம் 1.8 வினாடிக்கு ஒருமுறை வரும். 45 வேகத் தட்டில் 1.33 வினாடிக்கு ஒருமுறை. அது தட்டின் குறை. ஒழுங்கில்லாமல் பொரிவது போன்ற சத்தம் பெரும்பாலும் தூசியும் நிலைமின்னும். தட்டு சுற்றாமல் நிற்கும்போதும் "ம்ம்ம்" என்று விடாமல் கேட்டால், அது மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சல். தட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்தது முள்ளின் எடை, அதாவது முள் தட்டை எவ்வளவு கனமாக அழுத்துகிறது என்பது. தட்டுப் பிரியர்கள் முதலில் வாங்கவேண்டிய பொருள் 0.01 கிராம் வரை காட்டும் முள் தராசு என்பேன். இந்தப் பிளேயரின் முள் தட்டை அழுத்தியது 5 கிராமுக்கு மேல். ஒப்பிட்டுப் பாருங்கள்: ஆடியோ டெக்னிகா விஎம்95இ காட்ரிட்ஜுக்கு (முள்ளின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் சிறு பாகம்தான் காட்ரிட்ஜ்) சொல்லப்படும் எடை 2 கிராம், ஆர்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம். ஆரம்பநிலைக் கருவிகளில் வரும் ஏடி3600எல்லுக்கே அதிகபட்சம் 3.5 கிராம்தான். சூட்கேஸ் பிளேயர்களில் பொதுவாக இருப்பது மலிவான செராமிக் காட்ரிட்ஜ். அதற்குக் கனம் அதிகம் தேவை, முள்ளைத் தாங்கும் கையான டோன் ஆர்மின் பின்னால் எடையைத் திருகிக் குறைக்க வழியும் இருக்காது. "சேதமே வராது" என்ற வாக்குறுதி இந்த இடத்திலேயே பொய்த்துப்போகிறது. மாற்று முள்ளும் வைரம் என்றுதான் அச்சிட்டிருந்தார்கள். மாடல் எண் கேட்டபோது பதிலே இல்லை. சஃபையர் முள் சில பத்து மணி நேரத்தில் தேயும், வைர முள் பல நூறு மணி நேரம் உழைக்கும். தேய்ந்த முள், ஒலி பதிந்திருக்கும் பள்ளத்தின் சுவரைச் செதுக்கும் என்பதால், மாடல் எண் தெரியாத முள்ளைத் தட்டில் வைக்காமலிருப்பதே நல்லது.

78 வேகம் பற்றிய வாக்குறுதியும் பாதி உண்மைதான். சுழல் தட்டு 78இல் சுற்றும், சரி. ஆனால் எல்பி முள்ளின் நுனி ஆரம் சுமார் 0.7 மில், அதாவது அங்குலத்தின் பத்தாயிரத்தில் ஏழு பங்கு. 78 தட்டின் அகலமான பள்ளத்துக்குச் சுமார் 3 மில் வேண்டும். மெல்லிய முள் அங்கே சுவரைத் தொடாமல் அடியில் கிடக்கும் குப்பையை உரசிக்கொண்டு போகும். அந்த இரைச்சலுக்கும் "தட்டு பழசு" என்று காரணம் சொன்னால் எப்படி ஒப்புக்கொள்வது?

இனி பதிவான கோப்புகளுக்கு வருவோம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளே போதும்.

இரண்டு சேனலும் ஒன்றேதானா என்று பார்க்க, ஸ்டீரியோ தடத்தை இரண்டு மோனோ தடங்களாகப் பிரியுங்கள், ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து இன்வர்ட் செய்யுங்கள் (அலையைத் தலைகீழாக்குவது), பிறகு இரண்டையும் மிக்ஸ் செய்யுங்கள். முழு நிசப்தம் வந்தால் பதிவானது ஒரே சேனல்தான், அதையே இரண்டாக நகலெடுத்திருக்கிறார்கள். மோனோ தட்டாக இருந்தாலும் ஸ்டீரியோ காட்ரிட்ஜில் இந்த முழு நிசப்தம் வராது, ஏனென்றால் பள்ளத்தின் இரு சுவர்களிலும் தூசியும் தேய்மானமும் வேறு வேறு. ஒரு முன்னெச்சரிக்கை: பிளேயரை யூஎஸ்பியில் செருகாமல் மடிக்கணினியின் மைக் துளையில் செருகியிருந்தால் இதே விளைவு வரும், ஏனெனில் அந்தத் துளை பெரும்பாலும் மோனோதான். புகார் எழுதும்முன் அதைச் சரிபார்த்துவிடுங்கள்.

உரத்த இடங்களில் ஒலி பிசிறினால் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அலையின் உச்சி கத்தரித்தது போலத் தட்டையாக இருந்தால் ஒலி வெட்டுப்பட்டிருக்கிறது. இதில் புதியவர்கள் ஏமாறும் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தப் பிளேயரில் வெட்டு நடந்தது, ஒலியை எண்களாக மாற்றும் யூஎஸ்பி சில்லுக்கு முன்னால், அளவைக் குறைக்க முடியாத உள் பெருக்கியில். கணினியில் ஒலியளவைக் குறைத்தபோது தட்டையான உச்சி அப்படியே மைனஸ் 5 டெசிபெலுக்கு இறங்கியது, அவ்வளவுதான். கோப்பில் அடங்கும் உச்ச அளவான 0 டெசிபெலை ஒலி தொட்டால்தான் மென்பொருள் சிவப்புக் கோடு காட்டும். ஆகவே எச்சரிக்கையே வராது. கண்ணால்தான் பிடிக்க வேண்டும். வெட்டுப்பட்ட ஒலியை முழுமையாக மீட்கவும் முடியாது.

24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் என்ற வாக்குறுதியைச் சோதிக்க, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்பதைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாறுங்கள். தட்டில் வரும் கூர்மையான "டிக்" சத்தம் எல்லா அதிர்வெண்ணிலும் பரவும், ஸ்பெக்ட்ரோகிராமில் செங்குத்துக் கோடாக நிற்கும். 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் அந்தக் கோடுகள் எல்லாமே 24 கிலோஹெர்ட்ஸில் சுவர் வைத்தது போல நின்றால், சில்லு பதிவுசெய்தது 48 கிலோஹெர்ட்ஸ்தான், மீதியைக் கணினி ஊதிப் பெரிதாக்கியிருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு பதிவுசெய்து தரும் சேவைகளிடமிருந்து வரும் கோப்புகளையும் இப்படியே பாருங்கள். கோடுகள் 16 கிலோஹெர்ட்ஸில் நின்றால் எம்பி3 வழியாக வந்த கோப்பை, தரம் இழக்காத வடிவமான ஃப்ளாக் என்று பெயர் மாற்றித் தந்திருக்கக்கூடும். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே தட்டின் இரைச்சலே இல்லையென்றால், உங்கள் தட்டை ஓட்டாமலே வேறெங்கிருந்தோ எடுத்திருக்கிறார்களா, அல்லது அங்கே ஒலியை அழித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். தட்டில் கண்ணுக்குத் தெரியும் கீறல், கோப்பில் 1.8 வினாடிக்கு ஒருமுறை கேட்க வேண்டும்.

நேர்மையாகச் சொன்னால், 48 கிலோஹெர்ட்ஸ் தட்டுகளுக்குப் போதுமானதுதான். 24 பிட்டின் உண்மையான பயன், ஒலியளவைத் தாராளமாகக் குறைத்து வைத்துப் பதியலாம் என்பது. இல்லாததை இருப்பதாக எழுதி விற்றதுதான் இங்கே குற்றம்.

சரியான ஏற்பாடு எப்படி இருக்க வேண்டும்? எடையைத் திருகி மாற்றக்கூடிய டோன் ஆர்ம், மாற்று முள் கிடைக்கும் மூவிங் மேக்னட் (அசையும் காந்தம்) வகைக் காட்ரிட்ஜ், அதன் மெல்லிய ஒலியை உயர்த்தும் ஃபோனோ ப்ரீஆம்ப், அந்த ஒலியைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் லைன் உள்ளீடு உள்ள யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ். ப்ரீஆம்பை விட்டுவிடக் கூடாது. இவ்வகைக் காட்ரிட்ஜ் தருவது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட், அதை 40 டெசிபெல் அளவுக்கு உயர்த்த வேண்டும். அதோடு, தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலியைக் குறைத்தும் உயர்ந்த ஒலியைக் கூட்டியும் பதிந்திருப்பார்கள். 20 ஹெர்ட்ஸிலும் 20 கிலோஹெர்ட்ஸிலும் இந்த மாற்றம் கிட்டத்தட்ட 20 டெசிபெல். ஆர்ஐஏஏ வளைவு எனப்படும் இதை ப்ரீஆம்ப் தலைகீழாக்கிச் சமன்செய்கிறது. ப்ரீஆம்ப் இல்லையென்றால் ஒலி மெலிந்து தகரம் தட்டியது போலிருக்கும். பிளேயருக்குள் ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு ப்ரீஆம்ப் சேர்ந்துவிட்டால் தாழ்ந்த ஒலி குமுறிப் பிசிறடிக்கும். பின்புறமுள்ள ஃபோனோ, லைன் சுவிட்சைப் பார்த்துவிட்டு இணையுங்கள். தனி ப்ரீஆம்ப் என்றால் பிளேயரின் தரைக் கம்பியை (எர்த்) அதன் திருகில் கட்டுங்கள், "ம்ம்ம்" சத்தம் பெரும்பாலும் அங்கேயே அடங்கும்.

தட்டின் மிக உரத்த இடத்தை ஓட்டி, உச்சம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாதபடி இன்டர்ஃபேஸின் குமிழால் அளவை வையுங்கள். கணினியில் ஒலி மேம்பாடு, இரைச்சல் நீக்கம் என்று இருப்பதையெல்லாம் அணைத்துவிடுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 17 மெகாபைட், 20 நிமிடப் பக்கத்துக்கு 345 மெகாபைட் ஆகும். ஒரு பக்கத்தை நிறுத்தாமல் முழுதாகப் பதிந்து, தொடாத அசல் வேவ் (சுருக்கப்படாத ஒலி) கோப்பைத் தனியே வைத்துவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். இரைச்சல் நீக்கியை அழுத்தமாகப் போட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். "டிக்" சத்தத்தை மட்டும் எடுக்கும் கிளிக் நீக்கத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பதியும்முன் கார்பன் இழைத் தூரிகையால் தூசி எடுங்கள். அழுக்கு அதிகமென்றால் வாலை வடிநீரால், லேபிள் நனையாமல் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே ஓட்டுங்கள். குழாய் நீர் உலர்ந்ததும் உப்பைப் பள்ளத்தில் விட்டுச்செல்லும். ஷெல்லாக் என்ற அரக்கால் ஆன 78 வேகத் தட்டில் ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் படக்கூடாது, ஷெல்லாக் அதில் கரையும்.

ஏற்கெனவே இப்படிப்பட்ட பெட்டி வந்து சேர்ந்திருந்தால், அருமையான தட்டு எதையும் அதில் ஓட்டாதீர்கள். இழந்தாலும் பரவாயில்லை என்ற தட்டு ஒன்றைக் கொண்டு, திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் எல்லாச் சோதனையையும் முடியுங்கள். 100 சுற்று எண்ணுவதையும் தராசின் அளவையும் காணொளியாக எடுத்து, திருத்தாத வேவ் கோப்போடு, விளம்பர வாசகத்தின் படத்தையும் சேர்த்து எழுத்தில் புகார் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசினால் திரும்பவும் "தட்டு பழசு" என்றுதான் கேட்கும்.

அந்தக் கனமான முள்ளில் ஏற்கெனவே ஓடிவிட்ட தட்டுகளை உடனே ஒதுக்கிவிட வேண்டாம். கழுவி உலர்த்தி, நீள்வட்ட நுனி முள்ளில் 2 கிராம் எடையில் ஓட்டிப் பாருங்கள். உருண்டை முள் உரசிய உயரத்தை விட்டு அது சுவரில் வேறிடத்தைத் தொடும் என்பதால், சில தட்டுகள் வியக்கும்படி தெளிவாக ஒலிக்கும். அப்படியும் பக்கத்தின் உட்பகுதியில் "ஸ்", "ச" ஒலிகள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பிசிறினால், சுவர் அங்கே தேய்ந்துவிட்டது. அந்தத் தட்டில் அது இனி போகாது.