நம்பிக்கை மையம்: பரிசோதனை சரி, நேரம்தான் சரியில்லை

குமுளி மலை ஏறுவதற்கு முன்னால், கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள ஓர் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையம் இது. பெயர் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம்.

பரிசோதனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விரல் நுனியில் ஒரு குத்து, அவ்வளவுதான். முதல் கிட்டில் பாசிட்டிவ் வந்தாலும் உடனே சொல்லிவிடுவதில்லை. வேறு கிட்டுகளிலும் பார்த்து உறுதிசெய்த பிறகே பேச்சு. அதுவும் கதவைச் சாத்திவிட்டு. சம்மதமும் ரகசியமும் 2017 எச்.ஐ.வி. சட்டப்படி கட்டாயம். இங்கே இரண்டும் கிடைக்கிறது.

சிக்கல் நேரத்தில். ஏலத்தோட்டத்து ஜீப் விடியுமுன்னே கிளம்பி, சாயங்காலம்தான் இறக்கிவிடும். சீட்டு போடுவதோ மதியத்தோடு சரி. ஒரு செக்கப்புக்கு ஒரு நாள் கூலி போச்சு. ஏழாம் மாதம் முதன்முறையாக வந்து நிற்பவளைத் திட்டி என்ன பயன்? தாய்க்கு எச்.ஐ.வி. இருந்து, சிகிச்சையே இல்லாவிட்டால் நூற்றில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றலாம். உரிய நேரத்தில் தொடங்கினால் ஐந்துக்கும் கீழே இறங்கும். தாய் தாமதமாகத் தொடங்கினால் குழந்தைக்கு மருந்து கொடுக்கும் காலமும் நீளலாம்.

மருந்து கொடுக்குமிடத்தில் ஒரு கவனக்குறைவு. தொற்று உறுதியானவர்களுக்குத் தினம் ஒரு கூட்டு மாத்திரை: டெனோபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெகிராவிர் 50 மில்லிகிராம். சத்து மாத்திரைகளையும் அதே கவரில் போட்டுவிடுகிறார்கள். வெறும் வயிற்றில் இரும்புச்சத்து அல்லது கால்சியத்தோடு சேர்த்து விழுங்கினால் டோலுடெகிராவிர் உடம்பில் சரியாகச் சேராது. சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே போடலாம். இல்லாவிட்டால் கூட்டு மாத்திரையைச் சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் கழித்தோ போட வேண்டும். கேட்டால்தான் சொல்கிறார்கள்.

ஆலோசகர் சேனை வைப்பதைப் பற்றி எடுத்தவுடன் பேசியது பிடித்தது. தாய்ப்பால் கொடுப்பதென்றால் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் தொட்டும் வைக்கக் கூடாது.

மலைக்கு மேலே புகுந்த வீடு, பிரசவத்துக்குக் கீழே அம்மா வீடு என்பவர்கள் கவனிக்க: கேரளத்தில் பரிசோதனை மையத்துக்கு ‘ஜ்யோதிஸ்’ என்றும், எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு ‘உஷஸ்’ என்றும் பெயர். நம்பிக்கை மையம் எங்கே என்று கேட்டால் அங்கே யாருக்கும் புரியாது. வளைகாப்பு முடிந்து கிளம்புமுன் மாற்றல் கடிதத்தையும் கையிருப்பு மாத்திரையையும் வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைக்கு ஆறாவது வாரம் குதிகாலில் ரத்தம் எடுப்பார்கள். முடிவு பிறகுதான் வரும். எடுத்த மையத்தில், மாறாத போன் நம்பராகப் பார்த்துக் கொடுங்கள்.

என் மதிப்பெண்: ஐந்துக்கு மூன்றரை.