அப்போதைக்கு இப்போதே: மூத்தோருக்கான ஒரு பாடல் வகுப்பு

என் கணவர் காலமாகி 11 மாதங்கள் கழித்து, சிங்கப்பூரில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று புளோக் தள்ளியிருக்கும் மூத்தோர் நிலையத்தில், முதுமையையும் மரணத்தையும் பற்றிய பக்திப் பாடல்களுக்கான 8 வார வகுப்பில் சேர்ந்தேன். கட்டணம் 40 வெள்ளி; செவ்வாய்தோறும் காலையில் ஒன்றரை மணி நேரம்; நடத்துபவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். துக்கம் விசாரிக்க வந்தவர்களெல்லாம் "எல்லாம் அவன் செயல்" என்று மூன்று சொல்லில் முடித்துக்கொண்டு போனதில் சலித்திருந்த எனக்கு, இதுவும் அந்த வகைதான் என்ற எண்ணமே இருந்தது.

முதல் வாரமே அது மாறியது. ஆசிரியர் எடுத்துக்கொண்டது அருணகிரிநாதரின் திருச்செந்தூர்த் திருப்புகழ். "தொந்தி சரிய மயிரே வெளிற நிரை தந்தம் அசைய முதுகே வளைய" என்று அது கிழப்பருவத்து உடம்பை ஒளிவுமறைவின்றிக் காட்டிக்கொண்டே போகிறது. இருமல் 'கிண்கிண்' என்று ஒலிக்கும் இடத்துக்கு வந்தபோது, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்ந்த 81 வயதுப் பெரியவர் ஒருவருக்கு உண்மையாகவே இருமல் வந்துவிட்டது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நாங்கள் ஏட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, அவரே முதலில் சிரித்தார். "சார், என்னைப் பார்த்துட்டுத்தான் பாடியிருக்காரு" என்றார். ஆசிரியர் உடனே புறநானூற்றுக்குப் போய், தண்டூன்றிய முதியவர் ஒருவர் இளமையை நினைத்து ஏங்கும் பாட்டில் வரும் "இருமிடை மிடைந்த சில சொல்" என்ற தொடரைப் படித்துக் காட்டினார். அது பக்திப் பாடல் அன்று. ஆயினும் இருமலுக்கு நடுவே இரண்டொரு சொல் பேசும் கிழவர் அன்றும் இருந்தார் என்று அறிந்ததில் அந்தப் பெரியவருக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை நான் பார்த்தேன்.

மூன்றாம் வாரத்துத் திருமந்திரம் எனக்குக் கடினமாக இருந்தது. "பேரினை நீக்கிப் பிணமென்று பேரிட்டு" என்ற அடியைக் கேட்டதும், என்னோடு 41 ஆண்டுகள் பெயரோடு வாழ்ந்த என் கணவரை, அவர் இறந்த அன்று ஒரு மணி நேரத்துக்குள் "பாடியை எப்போது எடுக்கிறார்கள்?" என்று எல்லாரும் கேட்கத் தொடங்கியது நினைவுக்கு வந்தது. கேட்டவர்களில் என் மகனும் உண்டு. மண்டாய்த் தகனச்சாலையிலிருந்து திரும்பித் தலை முழுகினோம்; பசித்தது, சாப்பிட்டோம். "நீரினில் மூழ்கி நினைப்பொழிந்தார்களே" என்று திருமூலர் முடிக்கிறார். அவர் வைவதாகத்தான் முதலில் பட்டது. வகுப்பு முடிந்து லிஃப்டுக்குக் காத்திருந்த நேரத்தில், இப்படித்தான் நடக்கும் என்று மட்டுமே அவர் சொல்வதாகத் தோன்றியது. அன்று வயிறாரச் சாப்பிட்டதற்காக என்னை நானே கடிந்துகொள்வதை அதன்பின் விட்டேன்.

இந்த வகுப்பின் உயிர் ஐந்தாம் ஆறாம் வாரங்களில் இருக்கிறது. பெரியாழ்வார் அரங்கனைப் பாடிய பத்துப் பாசுரங்களில் முதலாவதற்கு மட்டும் ஒரு வகுப்பு முழுவதையும் ஒதுக்கினார்கள். "எய்ப்பு என்னை வந்து நலியும்போது அங்கு ஏதும் நான் உன்னை நினைக்கமாட்டேன், அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன்." கடைசி மூச்சில் இறைவன் பெயர் வாயில் வரவேண்டும் என்று சிறுவயது முதல் கேட்டு அஞ்சியவள் நான், என் கணவரோ கடைசி நான்கு நாள் நினைவின்றிக் கிடந்தார். அந்த நேரத்தில் தம்மால் நினைக்க முடியாது என்பதை ஆழ்வாரே ஒப்புக்கொண்டு, தெளிவாக இருக்கும்போதே சொல்லிவைத்துவிட்டு நிம்மதியாகிறார். இதே வகுப்பில் ஆசிரியர், ஏஎம்டி எனப்படும் முன்கூட்டிய மருத்துவ ஆணையைப் பற்றியும் பேசினார். மீளமுடியாத நோயில் நினைவிழந்து கிடக்கும்போது உயிரை நீட்டிக்க மட்டுமே செய்யும் தீவிர சிகிச்சை வேண்டாம் என்று, இரண்டு சாட்சிகள் முன்னிலையில், அவர்களுள் ஒருவர் மருத்துவராக இருக்க, முன்னதாகவே கையெழுத்திட 1996ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே வழிசெய்கிறது. பாசுரத்தையும் படிவத்தையும் இணைத்தது சிலருக்குப் பிடிக்கவில்லை; ஒரு அக்கா, "சாமி பாட்டில் எதற்கு ஆஸ்பத்திரி?" என்று முணுமுணுத்தார். எனக்கு அது பொருத்தமாகவே பட்டது.

குறைகளும் உண்டு. ஏழாம் வாரத்தில் அப்பரின் "நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்" பதிகத்தை அவசர அவசரமாக ஓட்டிவிட்டார்கள். அச்சமின்மை எங்கிருந்து வந்தது என்பதைப் பேச நேரமில்லை. இஸ்லாமிய சூஃபிக் கவிஞரான குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்கள் ஏட்டில் இருந்தும் எடுக்கப்படவில்லை. வகுப்பில் இரண்டு முஸ்லிம் அன்பர்கள் இருந்தபடியால் இது எனக்கு வருத்தம். குளிர்சாதனம் எலும்பைத் துளைக்கிறது. சால்வை இல்லாமல் போகாதீர்கள். ஏட்டின் எழுத்தோ மிகப் பொடி. எழுபது வயதுக்காரர்களுக்கு இந்த அளவில் அச்சிட யார் முடிவு செய்தார்களோ!

அடுத்த தொகுதியில் என் அக்காளையும் சேர்த்திருக்கிறேன். அவருக்குக் கண்புரை, ஆகவே பெரியாழ்வார் பாசுரம் இருக்கும் இரண்டு பக்கங்களை மட்டும் ஏ3 தாளில் பெரிதாக்கி நகலெடுத்து வைத்திருக்கிறேன்.