பின்பக்கத்து டொக் சத்தம்: ஒன்பது வருடம் ஓடிய காரும் ஒரு ரப்பர் புஷ்ஷும்

ஒன்பது வருடமாக ஒரே காரைத்தான் பாவிக்கிறேன். 2016இல் எடுத்த ஜப்பான் ரீகண்டிஷன் செடான், 1500 சிசி. எடுக்கும்போது மீட்டரில் 38,000 கிலோமீட்டர், இன்றைக்கு 142,000. கம்பனிப் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் விஷயம் ஒரு கம்பனிக்கு மட்டும் உரியதல்ல, பின்பக்கம் டோர்ஷன் பீம், அதாவது பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கிற ஒற்றைத் தண்டு, போட்ட எந்தச் சின்னக் காருக்கும் பொருந்தும், கொழும்பில் ஓடுகிற சின்னக் கார்களில் அந்த வகை நிறைய இருக்கிறது.

எஞ்சின், கியர் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. 5,000க்கு ஒருமுறை ஒயில் மாற்றுகிறேன், முன் பிரேக் பேட் மூன்று தடவை மாற்றியாயிற்று, ஏசிக்கு ஒருமுறை கேஸ். அவ்வளவுதான். என்னைப் பாடாய்ப் படுத்தியது பின்பக்கத்துச் சத்தம் ஒன்றுதான், அதில் நான் வீணாக்கிய காசும் நாளும் வேறு யாருக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சத்தம் முதலில் கேட்டது 2023 டிசம்பரில், யாழ்ப்பாணம் போய் வந்த கையோடு. ஏ9 வீதியைக் குற்றம் சொல்ல முடியாது, அது நல்ல கார்ப்பெட் ரோட். ஊருக்குள் மழையில் உடைந்த ஒழுங்கைகளில் நாலு நாள் ஓடியதுதான் ஏற்கெனவே இருந்த நோயை வெளியே கொண்டுவந்தது என்று நினைக்கிறேன். வெள்ளவத்தையில் எங்கள் வீடு காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில். அந்த ஒழுங்கைக்குள் திரும்பி, தண்ணீர்க் குழாய்க்காக வெட்டி மூடிய இடத்தில் இடது பின் டயர் இறங்கியதும் ஒரு டொக். இரும்பில் இரும்பு அடிக்கிற கூர்மையான சத்தம் இல்லை. பலகைக் கதவைக் கைமுட்டியால் ஒருதடவை தட்டினால் எப்படியோ, அப்படி. அதிவேக வீதியில் 100இல் போனால் ஒன்றுமே இல்லை. பின் சீட்டில் அம்மாவும் அப்பாவும் இருந்தால் குறைந்தது, நான் தனியாகப் போனால் கூடியது. அதனால் முதலில் சீட் கொளுக்கி தளர்ந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

கராஜுக்குப் போனேன். ஆள் டிக்கியை இரண்டு கையாலும் அமுக்கி விட்டுப் பார்த்தார், கீழே குனிந்து டோர்ச் அடித்துப் பார்த்தார், பின் ஷொக் (கார் ஆடுவதை அடக்குகிற ஷொக் அப்சோர்பர்) இரண்டும் முடிந்துவிட்டது, ஜோடியாக மாற்ற வேண்டும் என்றார். காரை ஓட்டிப் பார்க்கவில்லை. நானும் ஓட்டிப் பாருங்கள் என்று கேட்கவில்லை. ஷொக் மாற்றிக் காசு கொடுத்து வீட்டுக்குத் திரும்பினால், அதே குழாய் வெட்டில் அதே டொக்.

அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. கழட்டிய பழைய ஷொக் இரண்டையும் வாங்கி வந்திருந்தேன். நிமிர்த்தி வைத்து அமுக்கிப் பார்த்தேன், இரண்டும் ஒரே பாரமாக இறங்கின, இடையில் எங்கும் வெறுமையாக விழவில்லை, எண்ணெய் கசிந்த ஈரம் துளியும் இல்லை. டிக்கியை அமுக்கி விட்டால் ஒருதடவை எழும்பி நின்றுவிடுகிற கார் அது. ஷொக் போன கார் இரண்டு மூன்று தடவை ஆடி ஆடித்தான் நிற்கும். அந்தச் சோதனையை அவரே செய்தார், கார் நல்ல பதில் சொன்னது, அவர் கேட்கவில்லை.

காசு போனதை விட, இந்த நாட்டில் கார் ஒன்றை வைத்திருப்பது எப்படியான விஷயம் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். இடையில் பழைய கார்களின் விலை எங்கேயோ போனது. திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் எங்களைப் போன்றவர்கள் கிட்டப் போக முடியாது. இருக்கிற காரை இன்னும் பத்து வருடம் ஓட்டத்தான் வேண்டும். அப்படியானால் அதற்கு என்ன நோய் என்று சரியாகக் கண்டுபிடிக்கிற ஒருவர் தேவை, கிடைத்ததை மாற்றிப் பார்க்கிறவர் அல்ல.

அடுத்த இரண்டு கிழமை நானே கவனித்தேன். இரவு பத்து மணிக்குப் பிறகு, காலி வீதி சற்று ஓய்ந்ததும், கடைசி ரயில்களும் போன பிறகு, கண்ணாடிகளை இறக்கிக்கொண்டு ஒழுங்கையில் மேலும் கீழும் ஓட்டினேன். எப்போது கேட்கிறது, எப்போது கேட்கவில்லை என்று போனில் எழுதி வைத்தேன். மழையில் நனைந்தாலும் சத்தம் மாறவில்லை. மெதுவாக ஓடும்போது ஹேண்ட்பிரேக்கை ஒரு பல் மட்டும் இழுத்துப் பார்த்தேன், மாறவில்லை, ஆகவே டிரம்முக்குள் பிரேக் ஷூ ஆடுகிற சத்தம் இல்லை. இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறும் வேகத்தடையில் கேட்கவில்லை, ஒரு பக்கம் மட்டும் கிடங்கில் இறங்கினால் கேட்டது. அப்புறம் ஒருநாள் காரை ரிவர்ஸில் எடுத்து நிறுத்தும்போது, பிரேக் பிடித்த கணத்தில் ஒரு டொக். முன்னால் எடுத்துப் பிரேக் பிடித்தேன், மறுபடி ஒரு டொக். தொடர்ந்து முன்னாலேயே எடுத்து நிறுத்தினால் இல்லை, திசை மாறினால்தான். நோயைக் கண்டுபிடிக்கிற திறப்பு இதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது, ஆனாலும் எழுதி வைத்தேன்.

கூட வேலை செய்கிறவர் சொல்லி, கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னக் கராஜுக்குப் போனேன். மூன்று கார் நின்றால் நாலாவது காருக்கு இடமில்லை. அங்கே இருந்த மெக்கானிக் நானாவுக்கு (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்) அறுபது வயதுக்கு மேல். நான் என் போனை நீட்டி வாசிக்கத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, முதல்ல டிக்கியில இருக்கிறதையெல்லாம் இறக்குங்க. சாமான் சத்தமா, கார் சத்தமா எண்டு பாப்பம்."

ஸ்பெயார் டயர், கார் தூக்குகிற ஜக், கம்பி, குடை, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் இறக்கினோம். பின் சீட்டின் பெல்ட் நாக்குகளைச் சொருகி வைத்தார், அவை பிளாஸ்டிக்கில் மோதுவதே பல பேருக்கு சஸ்பென்ஷன் சத்தமாகக் கேட்குமாம். அடியில் சைலன்சரைப் பிடித்து ஆட்டி, அது தொங்குகிற ரப்பர்களைப் பார்த்தார். பிறகு என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, பின் சீட்டை மடித்து, இடது சக்கரத்துக்கு மேலே காதை வைத்துக்கொண்டு படுத்தார். ஆமர் வீதிப் பக்கம் ஒரு சுற்று. திரும்பி வந்து நிறுத்தியதும், "இனி வாசிங்க" என்றார். நான் ரிவர்ஸ் விஷயத்தைச் சொன்னதும் என் கையைப் பிடித்தார். "இதைத்தான் கேக்கணும். ஷொக் எண்டா மேல கீழ ஆடக்குள்ள கேக்கும். இது முன்ன பின்ன போகக்குள்ள கேக்குது."

டோர்ஷன் பீம் என்பது பின்பக்கத்து இரண்டு சக்கரங்களையும் இணைக்கிற ஒற்றை இரும்புத் தண்டும், அதன் இரு முனையிலிருந்தும் முன்னோக்கி நீளும் இரண்டு கைகளும். அந்தக் கைகள் காரின் உடலோடு சேர்கிற இடத்தில் பக்கத்துக்கு ஒரு ரப்பர் புஷ். முழு பின்சக்கர அமைப்பும் அந்த இரண்டு புஷ்ஷில்தான் கீல் போலத் திரும்புகிறது. பிரேக் பிடித்தால் சக்கரம் பின்னால் இழுக்கும், ரிவர்ஸில் பிரேக் பிடித்தால் முன்னால் தள்ளும். புஷ் கிழிந்திருந்தால் திசை மாறும்போது ஒருதடவை நகர்ந்து மோதும். அந்த மோதல்தான் என் டொக்.

காரைத் தூக்கி, தட்டைக் கம்பி ஒன்றை இடது கைக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் விட்டு நெம்பினார். ரப்பர் வாயைத் திறந்தது. வெளியில் பார்த்தால் ஒரு மெல்லிய கீறல் மாதிரித்தான் இருந்தது, நெம்பியதும் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குப் பிளந்தது. வலது புஷ்ஷும் பாதி வந்துவிட்டிருந்தது.

இங்கேதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. இந்த இரண்டு புஷ்ஷையும் நான் 2021 தொடக்கத்தில், 96,000இல், இன்னொரு இடத்தில் மாற்றியிருந்தேன். ஜப்பானில் போட்டு வந்த புஷ் 96,000 கிலோமீட்டர் தாங்கியது. மாற்றியது 22,000இல் கிழிந்தது, அதிலும் 2022இல் பெட்ரோல் தட்டுப்பாட்டில், கியூஆர் கோட்டாவுக்கு அளந்து தந்த பெட்ரோலில் கார் ஓடியதை விட நின்றதுதான் அதிகம். சாமான் போலியா என்று கேட்டேன். நானா கழட்டிய புஷ்ஷைத் துடைத்து, வெளி வளையத்தில் இருந்த எழுத்தைக் காட்டினார். நல்ல சாமான்தான். "பூட்டினது பிழை" என்றார்.

புஷ்ஷின் நடுவில் ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு வளையம், இரண்டுக்கும் நடுவில் ரப்பர், ரப்பர் இரண்டோடும் ஒட்டி வார்க்கப்பட்டது. போல்ட்டை இறுக்கியதும் நடுக்குழாய் பிராக்கெட்டோடு இறுகிவிடும், அது சுழலாது. சக்கரம் மேலே கீழே போகும்போது ரப்பர்தான் முறுகிக் கொடுக்கிறது. ஆகவே போல்ட்டை எந்த நிலையில் இறுக்குகிறோமோ அந்த நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. காரைத் தூக்கி, சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுகிப்போய் நிற்கும். நிறுத்தி வைத்திருந்தாலும் முறுகித்தான் நிற்கும், இரவும் பகலும். அதற்கு மேல் ஒரு கிடங்கு வந்தால் இன்னும் முறுகும், ஒருநாள் கிழியும். என் புஷ் இரண்டிலும் கிழிசல் ஒரே மாதிரி, ஒரே பக்கம் சாய்ந்து போயிருந்தது. 2021இல் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன், கார் லிப்டில் மேலே இருக்க அவர்கள் ஏர் கன்னால் இறுக்கியது இப்போதும் கண்ணில் நிற்கிறது. யாரையும் கேட்க எனக்கு அன்று தெரியவில்லை.

சாமானுக்கு, கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு நானே போனேன். காரின் சேஸி நம்பரை எழுதிக்கொண்டு, பழைய புஷ்ஷையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், ஒரே மாடலிலேயே அளவு மாறும். முதல் கடையில் மலிவான ஒன்றைக் காட்டினார்கள், ரப்பர் கல் மாதிரி. மூன்றாவது கடைக்காரர் என் பழைய புஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரியானதை எடுத்துப் பக்கத்தில் வைத்து, ரப்பருக்குள் இருந்த வெற்றிடங்கள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்றும் காட்டினார், "மல்லி, மாறிப் பூட்டினா பழுதாகும்" என்று சிங்களமும் தமிழும் கலந்து (மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி). இரண்டு புஷ்ஷின் விலை, நான் வீணாக மாற்றிய ஷொக் ஜோடியின் விலையில் கால்வாசி கூட இல்லை.

நானா தூக்கும் முன், கார் தரையில் நிற்கும்போதே, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை டேப்பால் அளந்து, வெண்கட்டியால் மட்கார்ட்டிலேயே எழுதினார்: 36. தூக்கித் தொங்கவிட்டதும் அதே அளவு பத்து சென்டிமீட்டருக்கு மேல் கூடிவிட்டது. புஷ்ஷைப் பிரஸ்ஸில் அழுத்தி ஏற்றி, போல்ட்டுகளைக் கையால் மட்டும் பூட்டி, பீமுக்குக் கீழே ஜக் வைத்து, டேப்பில் 36 வரும் வரை உயர்த்தி, அதற்குப் பிறகுதான் டோர்க் ஸ்பனரை எடுத்தார். இடது, வலது, இரண்டிலும் அப்படியே. கூடுதலாகப் போனது இருபது நிமிடம்.

அன்று மாலை குழாய் வெட்டில் இறங்கினேன். சத்தம் இல்லை. ரிவர்ஸில் நிறுத்தினேன், இல்லை. நேராக ஓடும்போது பின்பக்கம் லேசாக வழுக்கிப் பின்தொடர்வது போல ஓர் உணர்வு ஒரு வருடமாகவே இருந்திருக்கிறது, அது போன பிறகுதான் இருந்தது என்று தெரிந்தது.

ஆறு மாதம் கழித்து வேறொரு சத்தம் வந்தது, இது கிரீச். மழை பெய்தால் நிற்கும், வெயில் வந்தால் திரும்பும். மழையில் நிற்கிற சத்தம் பெரும்பாலும் ரப்பரும் இரும்பும் உலர்ந்து உரசுவது. பூச்செடிக்குத் தெளிக்கிற போத்தலில் தண்ணீர் நிரப்பி, ஒரு நேரத்தில் ஒரு இடத்தில் மட்டும் தெளித்து, தம்பியை டிக்கியில் அமுக்கச் சொன்னேன். வலது ஸ்பிரிங்கின் மேல் ரப்பரில் தெளித்ததும் நின்றது. கழட்டிப் பார்த்தால் கடற்கரை மணலும் உப்புத் துருவும். கழுவி, சிலிக்கோன் ஸ்ப்ரே அடித்துப் பூட்டினோம். எஞ்சின் ஒயிலோ சாதாரண கிரீஸோ மட்டும் அடிக்காதீர்கள், அந்த நேரம் சத்தம் நிற்கும், ரப்பர் ஊறி இளகிவிடும்.

புது புஷ் பூட்டியது 2024 பெப்ரவரியில், 120,000இல். போன கிழமை மீட்டர் 142,000ஐத் தொட்டது, போன ஜோடி கிழிந்த அதே 22,000. கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய்த் தூக்கச் சொன்னேன். நானா அதே தட்டைக் கம்பியை விட்டு நெம்பினார், இரண்டு பக்கமும். ரப்பர் வாய் திறக்கவில்லை. கம்பியை என்னிடம் தந்து, "நீங்களும் நெம்பிப் பாருங்க தம்பி" என்றார். பார்த்தேன்.