டெலிகிராம் சாட்பாட்: மூன்று ஆண்டு அனுபவம்

அம்மாவுக்கு வேளாவேளைக்கு மாத்திரையை நினைவூட்ட டெலிகிராமில் ஒரு சாட்பாட் எழுதினேன். மூன்று ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது.

தொடங்குவது எளிது. பாட்ஃபாதர் என்ற கணக்கில் நியூபாட் கட்டளையைக் கொடுத்து, ஒரு பெயரையும் 'பாட்' என்று முடியும் பயனர்பெயரையும் சொன்னால் டோக்கன் என்ற ரகசியக் குறியீடு வந்துவிடும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் உங்கள் சாட்பாட்டின் பெயரில் பேசலாம். அதை நிரலுக்குள்ளேயே எழுதி வைக்காதீர்கள்.

சாட்பாட் தானாக வலியப் போய்ப் பேச முடியாது. அம்மா ஒருமுறை 'ஸ்டார்ட்' அழுத்திய பிறகுதான் அவருக்குச் செய்தி போகும். முதலில் இடைஞ்சலாகப் பட்ட இந்த விதிதான் இன்று எனக்கு மிகவும் பிடித்தது. வேண்டாதவர்களை அது தொந்தரவு செய்யாது. அந்த முதல் செய்தியிலேயே சாட் ஐடி, அதாவது அந்த உரையாடலின் அடையாள எண், வரும்; உடனே சேமித்துவிடுங்கள்.

செய்திகளை கெட்அப்டேட்ஸ் என்ற அழைப்பின் மூலம் நாமே கேட்டு வாங்கலாம். வெப்ஹுக், அதாவது செய்தி வந்து சேர வேண்டிய நம் இணைய முகவரி, கொடுத்து வைத்தால் டெலிகிராமே அனுப்பும். இரண்டையும் சேர்த்து ஓட்ட முடியாது. ஒரே வீட்டுக்கு முதல் வழியே தாராளம். ஆனால் நிரல் நின்றுபோனால் விரைந்து எழுப்ப வேண்டும்: நாம் எடுக்காத செய்திகள் 24 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்காது.

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது பொத்தான்கள். ஒரு பொத்தானோடு அனுப்பும் கால்பேக் தரவு (பொத்தானை அழுத்தியதும் நம் நிரலுக்குத் திரும்பி வருவது) 64 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. எழுத்துகளைக் கணினியில் பைட்டுகளாக வைக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்; துணைக்காலும் புள்ளியும்கூடத் தனிக் குறிகள்தான் என்பதால் 'மாத்திரை' என்ற சொல் மட்டுமே 24 பைட். மருந்தின் பெயரை வேளையோடு சேர்த்துத் தமிழில் வைத்தேன். பிழைச் செய்திதான் திரும்பி வந்தது. இப்போது தரவில் எண் மட்டும் போகிறது. பொத்தானின் மேல் தெரியும் எழுத்து தமிழிலேயே இருக்கிறது.

முதல் வாரத்தில் ஒரு காலை வேளைக்கு 'போட்டுவிட்டேன்' என்பது நான்கு முறை பதிவாகியிருந்தது. பதறிப்போய் அம்மாவிடம் ஓடினேன். ஒரு மாத்திரைதான் போட்டிருந்தார். அழுத்திய பொத்தானில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததால், போகவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி அழுத்தியிருக்கிறார். அழுத்தியது வந்து சேர்ந்தது என்று டெலிகிராமுக்குச் சொல்லும் ஆன்சர்கால்பேக்குவெரி என்ற அழைப்பை நான் சேர்க்காததே காரணம். அன்றே அதைச் சேர்த்தேன். இரண்டாம் முறை அழுத்த முடியாதபடி பொத்தானையும் நீக்கினேன். அடுத்த வேளை அம்மா அழுத்தியதும் 'குறித்துக்கொண்டேன்' என்று திரையில் வந்து மறைந்தது.

"இப்போதுதான் இது நான் சொல்வதைக் காதில் வாங்குகிறது" என்றார்.